எந்தக் கோயில் ஐயர்

நான் பொறவியிலயே பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்லிக்க எனக்கு வெக்கமில்ல. தெருமுனையில போலீஸ் ஜீப் நின்னா, ஒரு தப்பும் பண்ணாமலே வேற சந்துல பூந்து போற ஆளு நான். ஆனா என் ஆயுசுல நான் ரொம்பப் பயந்தது ஒரே ஒரு மனுஷனுக்குத்தான். அவரு என்னை ஒரு நாளும் திட்டினதில்ல, குரலைக்கூட ஒசத்தினதில்ல. சாயங்காலம் ஏழரைக்குக் கடை ஷட்டரைப் பாதி எறக்கிட்டு, வேலை செய்யற எங்க மூணு பேரையும் நிக்க வெச்சு, ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. அந்தக் கேள்விக்குப் பயந்து ரெண்டு வருஷம் எனக்கு ஒழுங்கா சோறு எறங்கல.

"இன்னிக்கு யாராவது நம்மளைத் தப்பாப் புரிஞ்சிக்கினு போனாங்களா?"

இதான் கேள்வி. பொய் சொன்னீங்களான்னு கேட்டிருந்தா சமாளிச்சிருப்பேன். வாயைத் தொறக்காம இருந்துட்டா பொய் இல்ல பாருங்க. இது அப்படியில்ல. நம்ம சும்மா நின்னு, வந்தவங்க அவங்களா தப்பா நெனைச்சுக்கினு போனாலும் அது நம்ம குத்தம்தான்னு சொல்ற ஆளு அவரு. யாராவது ஆமாம்னு சொன்னா, அப்பவே போனை எடுத்து வாங்கினவங்களைக் கூப்புட்டுச் சரி பண்ணிட்டுத்தான் ஷட்டரை முழுசா எறக்குவாரு. அதுக்கப்புறம் சின்னதா ஒரு ஜெபம். நான் பக்கத்துல நின்னு குமரக்கோட்டத்து முருகனை மனசுல நெனைச்சுக்குவேன். அவருக்கு அது தெரியும். கண்டுக்க மாட்டாரு.

பட்டுப் பொடவைக் கடை அது. பொடவை எடுத்துப் போடறது, மடிக்கறது, போன் பேசறதுன்னு எட்டு வருஷம் அங்க இருந்தேன். என் வூட்டுக்காரரு தறியில இருந்தாரு, பொண்ணு அப்ப ஸ்கூல்ல படிச்சுக்கினு இருந்தா, அப்புறம் ஏனாத்தூர்ல காலேஜ். ஒரு தறி வருமானத்துல அது நடக்காதுன்னுதான் நான் வேலைக்கு வந்தேன். கடைக்காரரை நான் சார்னு கூப்புடுவேன். அவரு என்னை சிஸ்டர்னு கூப்புடுவாரு. வர்றவங்க பாதி பேரு நான் நர்ஸ் வேலையை வுட்டுட்டு வந்தவன்னு நெனைச்சுக்குவாங்க. அந்தத் தப்பை மட்டும் அவரு சரி பண்ணதில்ல, ஏன்னா அவருக்கு அது தோணவே இல்ல.

வியாபாரம்னா அவருக்கு உசுரு. ஆனா அவரு பண்ற வியாபாரத்தைப் பாத்தா எங்களுக்கு உசுரு போயிடும். பொடவையிலேர்ந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சி காட்டி, எரிஞ்ச சாம்பலை வாங்கறவங்க கையிலயே வெச்சு மோந்து பாருங்கம்பாரு. முடி கருகின வாசனை வந்தா பட்டு. வரலன்னா, "இது கலப்பு, வேணாம்"னு அவரே சொல்லிடுவாரு. ஒரு வாட்டி பெங்களூர்லேர்ந்து வந்த ஒரு அம்மா பொடவை வாங்கிக்கினு கார்ல ஏறிட்டாங்க. இவரு செருப்புகூடப் போடாம பின்னாலயே ஓடினாரு. எதையோ வெச்சிட்டுப் போயிட்டாங்க போலன்னு நாங்க நெனைச்சோம். முந்தியில, பின்பக்கம், சரிகை ஒரு எடத்துல லேசா தளர்ந்திருக்குது, கண்ணுக்குத் தெரியாது, ஆனா இருக்குதுன்னு சொல்லத்தான் ஓடியிருக்காரு. அந்தம்மா மெரண்டு போயி பொடவையைத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிடுச்சு. இவரு அதை மடிச்சு வெச்சுக்கினே பாட்டு முணுமுணுக்கறாரு. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை கடை கெடையாது. காஞ்சிபுரத்துல பட்டுக்கடை வெச்சிருக்கற எவனாவது ஞாயித்துக்கிழமை சாத்துவானா? மெட்ராஸ்லேர்ந்து கல்யாண கோஷ்டி வேன் வேனா வந்து எறங்கற நாளு அது. இவரு வெள்ளைச் சட்டை போட்டுக்கினு, சம்சாரத்தையும் ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிக்கினு கோயிலுக்குப் போயிடுவாரு. சர்ச்சை அவங்க கோயில்னுதான் சொல்லுவாங்க. சம்சாரம் ஸ்கூல் டீச்சர், சக்கரை வியாதி. மத்தியானம் பன்னெண்டரை ஆனா போதும், மடியில அம்பதாயிரம் ரூபாய்ப் பொடவையை விரிச்சு வெச்சுக்கினு ஒரு குடும்பமே ஒக்காந்திருந்தாலும், "ஒரு பத்து நிமிஷம், வூட்டுக்காரம்மாவுக்கு சாப்பாடு"ன்னு சொல்லிட்டு டிபன் டப்பாவோட மொபெட்ல கெளம்பிடுவாரு. பொண்ணுங்களுக்குப் பரீட்சைன்னா ஸ்கூல் கேட்டுக்கு வெளிய கொடையைப் புடிச்சுக்கினு மூணு மணி நேரம் நிப்பாரு. ஏன் சார் நிக்கறீங்கன்னு கேட்டா, உள்ள பயந்தா வெளிய ஆளு இருக்குதுன்னு தெரியணும் இல்லன்னாரு. அந்த மாதிரி ஒரு அப்பா எனக்கு இருந்திருந்தா நான் இவ்ளோ பயந்தாங்கொள்ளியா ஆகியிருக்க மாட்டேன்னு அப்ப நெனைச்சேன்.

இப்ப அவரோட அப்பாவைப் பத்திச் சொல்லணும். எல்லாம் அங்கதான் ஆரம்பம்.

அவங்க அப்பா சர்ச்சுல ஐயரு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அந்த சபையில ஊழியம் பண்ற போதகரை ஐயர்னுதான் கூப்புடுவாங்க. பாஸ்டர்ன்றது இப்ப வந்த பேச்சு. முப்பது வருஷம் நம்ம ஊர்லயே ஐயரா இருந்தவரு. அதனால இவருக்குச் சின்ன வயசுலேர்ந்து பேரு ஐயர் பையன். கடை தொறந்தப்போ அது ஐயர் பையன் கடை ஆச்சு, அப்புறம் வெறும் ஐயர் கடை. ஆட்டோக்காரருங்க, தபால்காரரு, டீக்கடை, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. ஏன் அந்தப் பேருன்னு போகப் போக யாருக்கும் தெரியல.

அவரையும் ஐயர் ஆக்கணும்னு அப்பாவுக்கு ஆசை. ஊழியத்துக்குப் படிக்க அனுப்பியிருக்காரு. இவரு ஒரே வருஷத்துல திரும்பி வந்து, எனக்குப் பிரசங்கம் வரலப்பா, வியாபாரம்தான் வருதுன்னு சொல்லிட்டாராம். அப்பா திட்டலையாம். சரின்னுட்டாராம். ஆனா கடை தொறந்தப்புறம் பதினோரு வருஷம் உயிரோட இருந்த மனுஷன், ஒரு நாளும் கடைப்படி ஏறல. ஒரு நாள் சாப்பிட்டுக்கினு இருக்கும்போது இதைச் சொன்னாரு. சொல்லிட்டு, "ரசம் நல்லா இருக்குது சிஸ்டர்"னாரு. அன்னிக்கு ரசமே இல்ல, அது சாம்பாரு.

நான் பண்ண தப்பு இப்ப வருது. சாரோட பெரிய பொண்ணு வேலைக்கு வெளியூரு போனப்புறம் கடை போன் என் கைக்கு வந்துது. எல்லாக் கடையும் போன் மேப்புல இருக்குதாமே, நம்மளதையும் போட்டுடுங்கன்னு சொன்னாரு. என்ன பேரு போடறது? போர்டுல வெறும் பட்டு மாளிகைன்னுதான் இருந்துது. காஞ்சிபுரத்துல பட்டு மாளிகைக்கா பஞ்சம்? அந்தப் பேரைச் சொன்னா ஆட்டோக்காரரே எதும்மான்னு கேப்பாரு. ஜனங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே போடுவோம்னு, ஐயர் கடைன்னு அடிச்சேன். எனக்கு அதுல ஒரு கெட்ட எண்ணமும் இல்ல. என் பொண்ணு மேல சத்தியம்.

ஒரு மாசத்துல போன் வர ஆரம்பிச்சுது. மாம்பலத்துலேர்ந்து, பெங்களூர்லேர்ந்து. "ஐயர் கடையா?" சாரு அன்னிக்குப் பக்கத்துல இருந்தாரு, போனை வாங்கினாரு. "ஆமாங்க, ஐயர் கடைதான். ஐயர் பையன்தான் பேசறேன்." பேசி வெச்சிட்டு அப்படியே நின்னாரு. யாருன்னே தெரியாதவங்க ஐயர் கடையான்னு கேட்டு வர்றாங்களேன்னாரு. நானும் சந்தோஷமா தலையாட்டினேன்.

ஒன்பது கஜம் பொடவை இருக்குதான்னு கேட்டாங்க. தறிக்குச் சொல்லி நெய்ய வெச்சாரு. கடையில கூட்டம் வந்துது. ஒரு நாள் இவரு சாப்பாட்டு டப்பாவோட கெளம்பினப்புறம், ஒரு மாமி பொடவையைத் தடவிக்கினே பக்கத்துல இருந்தவங்ககிட்ட, நம்மவா கடைன்னா கண்ணை மூடிண்டு வாங்கலாம்னு சொன்னாங்க. எனக்குக் கையில இருந்த பொடவை நழுவிடுச்சு. அப்பதான் புரிஞ்சுது. இவங்கள்லாம் ஐயர்னா எந்த ஐயர்னு நெனைச்சுக்கினு வர்றாங்கன்னு.

அன்னிக்குச் சாயங்காலம் அவரு கேள்வி கேட்டப்போ சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். அதுக்கு முன்னாடி அவரு பேசிட்டாரு. போன ஞாயித்துக்கிழமை சபையில எழுந்து நின்னு, அப்பா பேரைக் கேட்டு ஜனங்க வர்றாங்க, இது கடவுள் பண்ண நல்லதுன்னு சாட்சி சொன்னாராம். "பதினோரு வருஷம் வராத எங்கப்பா, இப்ப தினமும் கடைக்கு வர்றாரு சிஸ்டர்"னாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுக்கினாரு. அப்புறம் கேட்டாரு, யாராவது தப்பாப் புரிஞ்சிக்கினு போனாங்களான்னு.

"இல்ல சார்"ன்னேன்.

அங்கேர்ந்து ரெண்டு வருஷம். தினமும் ஒரு இல்ல சார். மாமிங்க வந்தா நான் பூந்து பூந்து பேசுவேன், அவரு வாயைத் தொறக்க வுட மாட்டேன். செவுத்துல இருந்த பைபிள் வசன காலண்டரை, ஈரம் ஏறுதுன்னு சொல்லி உள் ரூமுக்கு மாத்தினேன். கூட்டத்துக்கு நடுவுல சிஸ்டர்னு கூப்புடாதீங்க சார், கூச்சமா இருக்குதுன்னேன். அவரும் பாவம், அம்மான்னு மாத்திக்கினாரு. ஒரு நாள் மேப்புல அந்தப் பேரை அழிச்சிடலாம்னு போனைத் தொறந்தேன். அந்த நேரம் பாத்து மணியடிச்சுது. அவரு எடுத்து, ஐயர் பையன்தான் பேசறேன்னாரு. அந்தக் குரலைக் கேட்டப்புறம் எனக்கு அழிக்க மனசு வரல.

வெளியிலேர்ந்தும் பயம். காலம் கெட்டுக் கெடக்குது. எவனாவது போன்ல படம் புடிச்சு, கோயில் ஊர்ல பாருங்க, ஐயர்னு பேரு வெச்சுக்கினு கிறிஸ்தவ வேதக்காரங்க ஏமாத்தறாங்கன்னு போட்டுட்டான்னா? கடை முன்னாடி நாலு பேரு கூடினா போதும், அப்புறம் யாரு பேச்சை யாரு கேப்பாங்க? ராவுல திடீர்னு முழிச்சுக்குவேன். என் வூட்டுக்காரரு ரத்தக்கொதிப்பான்னு பாத்துக்கோன்னாரு.

அந்த நாளு ஒரு புதன்கிழமை. ஒரு வயசான மாமி, அவங்க மகன், கல்யாணப் பொண்ணு. கூரைப் பொடவையும் ஒன்பது கஜமும் எடுக்க வந்திருந்தாங்க. அரக்குல ஒண்ணு பிடிச்சுப் போச்சு. மாமிக்கு மனசு நெறைஞ்சுடுச்சு. நான் கூரைப் பொடவையை மடிச்சுக்கினு இருந்தேன். மாமி சாரைப் பாத்து, ஐயர்வாள் நீங்க உங்க கையால எடுத்துக் குடுங்கோன்னு சொன்னாங்க. நான் ஓடி வர்றதுக்குள்ள சாரு சிரிச்சுக்கினே, "நான் ஐயர் இல்லம்மா, எங்கப்பாதான் ஐயரு"ன்னாரு.

மாமி அதை அடக்கம்னு நெனைச்சாங்க. அப்பா எங்க இருந்தாருன்னு கேட்டாங்க.

"முப்பது வருஷம் இங்கதாம்மா. அதுக்கு முன்னாடி வாலாஜா."

"கைங்கர்யமா? எந்தக் கோயில்?"

"நம்ம கோயில்தாம்மா, ஸ்டேஷனுக்குப் போற வழியில."

மாமி யோசிச்சாங்க. "அங்க எந்தக் கோயில்? சிவனா, பெருமாளா?"

அப்ப அவரு மூஞ்சியை நான் பாத்தேன். சிரிப்பு போகல, ஆனா அப்படியே நின்னுடுச்சு. மாமியைப் பாத்தாரு, மடியில இருந்த ஒன்பது கஜத்தைப் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. கவுண்டரைப் புடிச்சுக்கினு நின்னேன்.

அவரு நிதானமா, நாங்க கிறிஸ்தவங்கம்மா, எங்க சபையில போதகரை ஐயர்னு சொல்லுவோம்னு சொன்னாரு. மாமி மடியில இருந்த பொடவையை எடுத்து மெதுவா கீழ வெச்சாங்க. மகன் போனை எடுத்து நீட்டினாரு. அப்ப இதுல ஐயர் கடைன்னு ஏன் போட்டீங்க, யாரு போட்டதுன்னு கேட்டாரு. குரல் ஏறிச்சு. தெருவுல ரெண்டு பேரு நின்னு எட்டிப் பாத்தாங்க. ரெண்டு வருஷமா நான் கனவுல கண்டது கண்ணு முன்னால நடக்குதுன்னு நெனைச்சேன்.

"எங்க கடையில போட்டது சார். தப்பு எங்களோடது. நீங்க வேற கடையில பாருங்க, நானே நல்ல எடம் சொல்றேன்"ன்னாரு. சொன்ன மாதிரியே ரெண்டு கடைப் பேரைச் சீட்டுல எழுதிக் குடுத்தாரு. மகன் அதை வாங்கல. மாமிதான் வாங்கிக்கினாங்க. படியெறங்கும்போது பொடவை நன்னாத்தான் இருந்ததுன்னு யாருக்கோ சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போனாங்க.

மத்த ரெண்டு பேரையும் வூட்டுக்கு அனுப்பிட்டாரு. மத்தியானமே ஷட்டரை எறக்கினாரு. இப்ப திட்டப் போறாரு, போலீஸுக்குச் சொல்லப் போறாரு, என் பொண்ணு படிப்பு போச்சுன்னு நான் நெனைச்சுக்கினு நிக்கறேன். அவரு ஸ்டூல்ல ஒக்காந்து ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு.

"வந்தவங்க எல்லாருமே அப்படித்தான் வந்தாங்களாம்மா?"

எனக்கு அழுகை வந்துடுச்சு. எனக்குத் தெரிஞ்சு அப்படித்தான் சார்னு சொன்னேன்.

மறுநாள் காலையில பொடவை வாங்கினவங்க போன் நம்பர் எழுதற நோட்டை எடுத்து வெச்சுக்கினு கூப்புட ஆரம்பிச்சாரு. ஒருத்தரை வுடாம. நான் நம்பர் படிக்கணும், அவரு பேசணும். முன்ன எங்க கடையில பொடவை வாங்கினீங்க, ஐயர் கடைன்னு நெனைச்சு வந்திருப்பீங்க, நாங்க அந்த ஐயர் இல்ல, பொடவை வேணாம்னா திருப்பிக் குடுக்கலாம். சில பேரு கத்தினாங்க. சில பேரு பாதியில வெச்சாங்க. ஒரு அம்மா விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒருத்தர், பொடவை கட்டிக் கிழிஞ்சே போச்சு, இப்ப எதுக்கு சார் இதெல்லாம்னு கேட்டாரு.

ரெண்டாவது நாளுதான் நான் கவனிச்சேன். எல்லாத்தையும் சொல்லி முடிச்சப்புறம், கடைசியில அவரு ஒரு வார்த்தை கேக்கறாரு. வேற யாராவது கேட்டா அது ஒரு சாதாரணக் கேள்வி. "எங்கப்பாவைத் தெரிஞ்சுதான் வந்தீங்களா?" இல்லன்னு பதில் வரும். சரிங்க, ரொம்ப நன்றின்னு வெச்சிடுவாரு. அடுத்த நம்பர் படிம்மாம்பாரு. மன்னிப்பு கேக்கத்தான் கூப்புடறாருன்னு நெனைச்சுக்கினு இருந்தேன். அவரு தேடிக்கினு இருந்திருக்காரு. இத்தனை பேருல ஒருத்தராவது நெசமாவே அவங்க அப்பாவைத் தெரிஞ்சு வந்திருக்க மாட்டாங்களான்னு.

மூணாவது நாளு சாயங்காலம் நோட்டுல கடைசிப் பக்கம் முடிஞ்சுது. ஒருத்தரும் இல்ல. நோட்டை மூடினாரு.

நான் யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்குது. என் வூட்டுக்காரருக்கே தெரியாது. எங்கம்மா என்னை வயித்துல வெச்சுக்கினு ரெண்டு நாளா வலியில கெடந்திருக்கா. ஐப்பசி மழை, தெருவுல முட்டி அளவு தண்ணி, எல்லாக் கதவும் சாத்தியிருக்குது. மருத்துவச்சி கையை விரிச்சிட்டா. எங்கப்பா அம்மாவைத் தூக்கிக்கினு போயி ரிக்‌ஷாவுல ஏத்தினா, ரிக்‌ஷாக்காரன் குடிச்சிட்டு எழுந்துக்க முடியாம கெடக்கறான். எங்கப்பாவுக்கு வண்டி மிதிக்கத் தெரியாது. அந்த வழியா வந்த சர்ச் ஐயரு, வெள்ளை அங்கியை இடுப்புல சொருவிக்கினு, தானே ஏறி மிதிச்சிருக்காரு. மிஷன் ஆஸ்பத்திரி வரைக்கும் வாய்வுட்டு ஜெபம் பண்ணிக்கினே மிதிச்சாராம். நான் பொறந்தேன். வேதக்காரரு ஜெபத்துல, அவங்க ஆஸ்பத்திரியில பொறந்த புள்ளைன்னா, மதம் மாறிட்டாங்கன்னு தெருவே ஒதுக்கிடும், பொண்ணைக் கட்ட ஆளு வராதுன்னு பயந்து, வூட்டுலயே பொறந்ததா சொல்லிட்டாங்க. எங்க வூட்டுல பயம் அப்படித்தான் வந்துது. நான் வேலை தேடினப்போ எங்கம்மா காதுல வந்து சொன்னா, அந்த ஐயரு புள்ள கடைன்னா போ, ஆனா யாரு எவருன்னு வாயைத் தொறக்காதன்னு.

எட்டு வருஷமா அதே கடையில நின்னுக்கினு, நான் வாயைத் தொறக்கல.

"சார்"னு கூப்புட்டேன். "நான் வந்தேன் சார். உங்கப்பாவைத் தெரிஞ்சு வந்தவ நான் இருக்கறேன்." மழை, ரிக்‌ஷா, எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். அவரு என்னையே பாத்துக்கினு இருந்தாரு.

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றீங்களா சிஸ்டர்?"

"இல்ல சார்."

"ரெண்டு வருஷமா தினமும் இல்ல சார்னுதான் சொன்னீங்க."

கோவமா சொல்லல. என் வார்த்தைக்கு இனிமே ஒரு மதிப்பும் இல்ல, அதை நானே தொலைச்சுட்டேன். அவரு, உங்கம்மா இருக்காங்களா, நான் பாக்கலாமான்னு கேட்டாரு. வேணாம்னு சொல்லியிருக்கணும். அம்மா என் அண்ணன் வூட்டுலதான் இருக்கா, அவன் பொண்ணுக்கு வரன் பாத்துக்கினு இருக்காங்க. ஆனா காலையில ஏழு மணிக்கு வாங்க சார்னு என் வாயி சொல்லிடுச்சு.

ஏழு மணிக்கு எங்க தெரு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்குன்னு பாத்து எங்கண்ணன் வூட்டுப் பாவு. தறியில ஏத்தறதுக்கு முன்னாடி பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு அறுந்த இழையைப் பாத்து முடிச்சுப் போடுவாங்க. தெருவுல இருக்கற ஆம்பள பொம்பள அத்தனை பேரும் அங்கதான் நின்னாங்க. எங்கம்மா ஒரு கோடியில நின்னு இழை பிரிச்சுக்கினு இருந்தா. நான் அவரைக் கூட்டிக்கினு அந்த நூலோரமாவே நடந்தேன். அத்தனை கண்ணும் எங்க மேலதான்.

அவரு எங்கம்மா முன்னாடி நின்னு கையெடுத்துக் கும்புட்டாரு. "எங்கப்பா இங்க சர்ச்சுல ஐயரா இருந்தாரும்மா. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

எங்கம்மா அவரைப் பாத்தா. என்னைப் பாத்தா. பாவு முழுக்க நிக்கற ஜனத்தைப் பாத்தா. எங்கண்ணன் யாரும்மா இவருன்னு கேட்டான்.

"தெரியலையேப்பா"ன்னா எங்கம்மா. "எனக்குத் தெரியாது."

அவரு தலையாட்டினாரு. பரவால்லம்மா, வேலையைப் பாருங்கன்னு சொல்லிட்டுத் திரும்பினாரு. நான் பின்னாலயே போனேன். சார், சார்னு கூப்புடறேன், அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியல. அவரு என்னைத் திரும்பிப் பாக்கல. ஆறுதலுக்குக்கூடப் பொய் சொல்றவன்னு நெனைச்சிருப்பாரு. அப்படியே பூமி பொளந்து உள்ள போயிடலாம்னு இருந்துது.

பாவோட மறுகோடிக்கு நாங்க வந்தப்போ பின்னால செருப்பில்லாத காலு ஓடி வர்ற சத்தம். எங்கம்மா. அவளுக்கு முட்டி வலி, நடக்கறதே கஷ்டம்.

"நில்லுப்பா"ன்னா, மூச்சு வாங்கிக்கினே. "நான் பொய் சொல்லல. உங்கப்பா மொகம் எனக்குத் தெரியாது. நான் ரிக்‌ஷாவுல பின்னாடி படுத்துக் கெடந்தேன். அவரு முன்னாடி மிதிச்சுக்கினு இருந்தாரு. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நான் பாத்தது அவரு முதுகைத்தான்."

தெருவே கேட்டுது. எங்கண்ணன் கையில இருந்த இழையை வுட்டுட்டான். பயந்துபோயி முதல்ல இல்லன்னாளா, நெசமாவே அதைத்தான் சொன்னாளான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் கேக்கவும் இல்ல.

"அந்தப் பக்கம் திரும்புப்பா"ன்னா எங்கம்மா.

அவருக்குப் புரியல. என்னைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா திரும்பி நின்னாரு. எங்கம்மா ரெண்டடி பின்னால போயி, தலையைச் சாய்ச்சுப் பாத்தா. கிட்ட வந்து, அவரு சட்டை மேல, ரெண்டு தோளுக்கும் நடுவுல, கையை வெச்சா.

"இதான்"னா. "இதே முதுகுதான்."

எங்கம்மா கையை எடுத்தப்புறமும் அவரு ரொம்ப நேரம் எங்க பக்கம் திரும்பவே இல்ல.